உடற்பருமனும் சத்திரசிகிச்சையும்

இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்பானிய தேசத்தின் வடபாகத்திலே லெயோன் என்றோர் இராச்சியம் இருந்தது. 956 ஆம் ஆண்டில் அதன் அரியணை ஏறிய முதலாம் சாஞ்சோ அளவுக்கு மிஞ்சிய உடற்பருமன் உடையவன். 'பருத்த சாஞ்சோ' என்றே வரலாறு அவனை இன்றும் அழைக்கின்றது. குதிரையேறிப் படைநடத்த இயலாத மன்னன் எமக்கு எதற்கு என்று பிரபுக்கள் முறுமுறுத்தனர். 958 ஆம் ஆண்டில் அவனை அகற்றிவிட்டு, அவனுடைய உறவினன் ஒருவனுக்கு முடிசூட்டினர். சாஞ்சோவின் பாட்டியார் தோடா என்பவர் நவார் நாட்டின் முதிய அரசியார். அவர் பேரனைக் கோர்டோவா நகருக்கு அழைத்துச் சென்றார். அந்நகரிலே கலீபா மூன்றாம் அப்துர் ரகுமானின் அவையில் வாழ்ந்த ஹஸ்தாய் என்னும் யூத வைத்தியர் மன்னனுக்குச் சிகிச்சையளித்தார். உடல் மெலிந்த சாஞ்சோ, கலீபாவின் படைத்துணையுடன் நாடு திரும்பி இழந்த அரியணையை மீட்டான். அவ்வுதவிக்கு விலையாக எல்லைப்புறக் கோட்டைகள் சிலவற்றைக் கையளிப்பதாக அவன் வாக்களித்திருந்தான்.

இவ்வரலாற்றிலே மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. உடலால் வந்த துன்பம் ஒன்று. பிறர் இகழ்ச்சியால் வந்த துன்பம் மற்றொன்று. இவ்விரண்டினின்றும் விடுபடுவதற்குக் கொடுக்கவேண்டிய விலை மூன்றாவது. சத்திரசிகிச்சையினால் உடற்பருமனைக் குறைத்துக்கொள்ளலாமா எனச் சிந்திக்கும் எவரும் இம்மூன்றையுமே தராசில் இட்டுப் பார்க்கின்றனர். மன்னன் கதையைச் சொல்வோர், அவன் மெலிந்து அரியணை ஏறியதோடு கதையை முடித்துவிடுவர். மெலிந்த பின்னர் வரும் ஆண்டுகளைப் பற்றி அக்கதை பேசுவதில்லை. ஆயினும் முடிவெடுக்க வேண்டியவர் அறிந்துகொள்ள வேண்டுவது அந்த ஆண்டுகளைப் பற்றியே. உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சையின் வரலாறு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளே கொண்டது. அது கற்பிக்கும் பாடமும் இதுவே.

ஏனைய சத்திரசிகிச்சைகளுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அழுகிய குடல்முளையை வைத்தியர் வெட்டி அகற்றும்போது, நோயுற்ற உறுப்பே வெட்டப்படுகின்றது. பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சையிலோ, பழுதெதுவும் இல்லாத இரைப்பையும் குடலும் கத்திக்கு உள்ளாகின்றன. நன்றாக இயங்கும் உறுப்பை வெட்டுதல் நியாயமோ என்னும் வினா தொடக்கத்திலேயே வைத்தியர்களிடையே எழுந்தது. அதற்குரிய விடை பருமனின் மறுபக்கத்திலே இருந்தது. மிகையான பருமனோடு நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய், முழங்கால் மூட்டுத் தேய்வு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல் முதலியனவும் சேர்ந்து வருகின்றன. உணவைக் குறைத்து எடையை இறக்கினாலோ, உடல் தானே அதனை எதிர்க்கின்றது. பசி மிகுகின்றது, உடல் செலவிடும் சக்தி குறைகின்றது, இறங்கிய எடை மெல்ல மெல்ல ஏறிவிடுகின்றது. இதனை மனவுறுதியின்மை என்று உலகம் பழித்தது. பழிப்பவர்களுக்கு உடலின் இயல்பு தெரிந்திருக்கவில்லை.

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் விக்டர் ஹென்றிக்சன் என்னும் சத்திரவைத்தியர் 1952 ஆம் ஆண்டில், பருமனைக் குறைப்பதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றியமை பற்றி எழுதினார். 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர், நெல்சன் என்னும் மூவர், நாய்களின் குடலில் நடாத்திய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டனர். சிறுகுடலின் எப்பகுதி எவ்வளவு சத்தை உறிஞ்சுகின்றது என்பதே அவர்களது ஆராய்ச்சி. கீழ்ப்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கிவிட்டால் கொழுப்பு உறிஞ்சப்படுவது குறைந்து எடை இறங்குவதை அவர்கள் கண்டனர். குடலை வெட்டி எறியாமல், உணவு அதனூடே செல்லாதபடி வழியை மாற்றிவிடும் 'பைபாஸ்' முறையை மனிதரிடத்தும் கையாளலாம் என்ற எண்ணம் இங்கிருந்து பரவியது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெய்ன், டிவின்ட் என்னும் வைத்தியர்கள் 1956 ஆம் ஆண்டு முதல் இம்முறையைத் துணிவுடன் கையாண்டனர். முதலில் அவர்கள் சிறுகுடலின் முற்பகுதியை எடுத்துப் பெருங்குடலுடனே நேராக இணைத்தனர். உண்டது சத்தாக மாறாமலே வெளியேறியது. எடை விரைந்து இறங்கியது. ஆனால் ஓயாத வயிற்றோட்டமும், உப்புச்சத்து இழப்பும், ஈரற் கோளாறும் தொடர்ந்தன. வேண்டிய அளவுக்கு மெலிந்ததும் குடலைப் பழையபடி பொருத்திவிடலாம் என்பது அவர்களுடைய திட்டம். அவ்வாறு பொருத்தியபோது இறங்கிய எடை மீண்டும் ஏறிவிட்டது. 1963 ஆம் ஆண்டில் இவ்வனுபவங்களை வெளியிட்ட அவர்கள், அம்முறையைக் கைவிட்டனர். பின்னர் 1969 ஆம் ஆண்டில் வேறொரு திருத்தத்தை முன்வைத்தனர். ஏறக்குறைய இருபது அடி நீளமுள்ள சிறுகுடலிலே, தொடக்கத்தில் 14 அங்குலமும் முடிவில் 4 அங்குலமும் மட்டும் உணவுப் பாதையில் இருக்க, இடைப்பட்ட பகுதி முழுவதும் ஒதுக்கிவைக்கப்பட்டது. இருபது அடி செய்துவந்த வேலையைப் பதினெட்டு அங்குலம் செய்யவேண்டியதாயிற்று.

இத்திருத்திய முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விரைவாகப் பரவியது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. முதலாம் ஆண்டின் பயன் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. படியேற முடியாதவர் படியேறினார். வேலை மறுக்கப்பட்டவர் வேலை பெற்றார். கடையில் தமக்கேற்ற ஆடை கிடைக்காதிருந்தவர் ஆடை வாங்கினார். அவர்களைக் கண்டவர்கள் தாமும் அவ்வைத்தியர்களை நாடிச் சென்றனர். ஐந்தாம் ஆண்டும் பத்தாம் ஆண்டும் வந்தபோதுதான் மறைந்திருந்த தீங்குகள் வெளிப்பட்டன. சிறுநீரகத்தில் கற்கள் தோன்றின. மூட்டுகள் வீங்கின. விற்றமின் குறைபாட்டினால் எலும்பு மெலிந்தது. ஒதுக்கப்பட்ட குடலிலே கிருமிகள் பெருகின. சிலருக்கு ஈரல் முற்றாகச் செயலிழந்து உயிரும் பிரிந்தது. பெருந்தொகையானோர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டுக் குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நேர்ந்தது. 1980 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் அம்முறை ஏறக்குறைய முற்றாகக் கைவிடப்பட்டது.

அன்று அச்சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டவர்கள் அறிவீனர் அல்லர். அதனைச் செய்த வைத்தியர்களும் கொடியவர் அல்லர். இருசாராரும் முதலாம் ஆண்டின் அறிவைக் கொண்டு இருபதாம் ஆண்டுக்குரிய முடிவை எடுத்தனர் என்பதே நிகழ்ந்த பிழை. ஒரு சிகிச்சை எத்தனை கிலோகிராம் எடையைக் குறைக்கும் என்று கேட்டவர் பலர். பத்தாண்டு கழித்து அதனைப் பெற்றவர் எவ்வாறு வாழ்கின்றார் என்று கேட்டவர் மிகச் சிலர்.

அவ்வினாவை விடாது கேட்டவர்களுள் முதன்மையானவர் ஐயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் மேசன் ஆவார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள், அதன்பின் எடை கூடாமல் இருப்பதை அவர் கவனித்தார். குடலை விடுத்து இரைப்பையையே சிறிதாக்கினால் என்ன என்று சிந்தித்தார். 1966 ஆம் ஆண்டில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறிய பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலுடன் இணைக்கும் முறையை அவர் தொடக்கிவைத்தார். சில கவளங்களிலேயே வயிறு நிறைந்துவிடும். குடலின் பெரும்பகுதி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். இம்முறை பின்வந்தோரால் திருத்தப்பெற்று இன்றும் கையாளப்படுகின்றது.

மேசன் 1980 ஆம் ஆண்டில் இன்னோர் எளிய முறையையும் வகுத்தார். குடலைத் தொடாமல், இரைப்பையை நெடுக்குவாட்டில் தையலிட்டுப் பிரித்து, அதன் வாயிலை ஒரு பட்டியினால் இறுக்குவதே அது. ஆபத்துக் குறைந்ததாகையால் பலராலும் வரவேற்கப்பட்டது. ஆயினும், திண்மையான உணவு அந்த வாயிலைக் கடக்கச் சிரமப்பட்டபோது, சிலர் இனிப்புப் பானங்களையும் ஐஸ்கிறீம் போன்ற மென்மையான பண்டங்களையும் நாடினர். அவை தடையின்றி இறங்கின, எடையும் ஏறியது. காலப்போக்கில் இம்முறையும் பின்தள்ளப்பட்டது. தம் முறையின் குறைகளை மறைக்காது, நோயாளரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று மேசன் வற்புறுத்தினார். அவருடைய சத்திரக் கத்தியைப் போலவே அவருடைய பதிவேடும் நோயாளருக்கு நன்மை செய்தது என்றால் மிகையாகாது.

இவ்வனுபவங்களின் பயனாக, யாருக்கு இது தகும் என்பதை வரையறுக்கும் முயற்சி எழுந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1978 ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டைக் கூட்டி ஆராய்ந்தன. 1991 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடைபெற்ற இரண்டாம் மாநாடு வகுத்த விதிகள் முப்பது ஆண்டுகள் உலகெங்கும் வழிகாட்டின. உடற்திணிவுச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேற்பட்டவருக்கும், 35க்கும் 40க்கும் இடைப்பட்டுக் கடுமையான இணைநோய் உடையவருக்கும் சத்திரசிகிச்சையைக் கருதலாம் என அம்மாநாடு கூறியது. இச்சுட்டெண்ணைக் கணிப்பது எளிது. கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் அது கிடைக்கும். 1.60 மீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு 40 என்பது ஏறக்குறைய 102 கிலோகிராமையும், 35 என்பது ஏறக்குறைய 90 கிலோகிராமையும் குறிக்கும்.

எண்ணைக் கூறியதோடு அம்மாநாடு நின்றுவிடவில்லை. நோயாளர் அச்சிகிச்சையின் நன்மை தீமைகளை நன்கு அறிந்தவராகவும், அதனை உள்ளத்தால் விரும்பியவராகவும் இருத்தல் வேண்டும். சத்திரவைத்தியர் மட்டுமன்றிப் பொது வைத்தியர், உணவியல் வல்லுநர், உளநல வல்லுநர் ஆகியோரும் கூடி ஆராய்தல் வேண்டும். சிகிச்சையின் பின்னர் வாழ்நாள் முழுவதும் வைத்தியக் கண்காணிப்பு இருத்தல் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. சுட்டெண் ஒருவரை வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே புகுவதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் உட்கிடை.

அவ்வாறு தீர்மானித்தவர்களின் கதியைக் காட்டும் பெரும் ஆராய்ச்சி, ஹென்றிக்சன் வாழ்ந்த அதே கோத்தன்பர்க் நகரிலே தொடங்கியமை கருதத்தக்கது. லார்ஸ் சியோஸ்ட்ரோம் என்னும் பேராசிரியரின் தலைமையில் 1987 ஆம் ஆண்டில் அது ஆரம்பமாயிற்று. சீட்டுக் குலுக்கி ஒருசாராரைச் சத்திரசிகிச்சைக்கும் மறுசாராரைச் சாதாரண சிகிச்சைக்கும் அனுப்புவதே வழமையான ஆராய்ச்சி முறை. ஆனால் அக்காலத்தில் சத்திரசிகிச்சையினால் நேரும் மரணங்கள் மிகுதியாக இருந்தமையால், ஒருவருடைய உயிரைச் சீட்டுக்கு விடுதல் தகாது என்று கருதப்பட்டது. ஆகவே முடிவு நோயாளரிடமே விடப்பட்டது. விரும்பியவர்கள் 2010 பேர் சத்திரசிகிச்சை பெற்றனர். அவர்களை ஒத்த வேறு 2037 பேர் சாதாரண சிகிச்சையில் இருந்தனர்.

2007 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தன. சராசரியாகப் பதினொரு ஆண்டுகளின் பின்னர், சத்திரசிகிச்சை பெற்றோருள் 101 பேரும், பெறாதோருள் 129 பேரும் இறந்திருந்தனர். பருமனைக் குறைப்பதனால் ஆயுள் நீளும் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. சத்திரசிகிச்சை பெறாதோரின் எடை ஆண்டுகள் பல கடந்தும் முன்பிருந்த அளவிலிருந்து நூற்றுக்கு இரண்டுக்கு மேல் மாறவில்லை. சத்திரசிகிச்சை பெற்றோரின் எடையோ ஓரிரு ஆண்டுகளில் மிகத் தாழ்ந்து, பின்னர் சற்றே உயர்ந்து நிலைத்தது. இரைப்பை பைபாஸ் பெற்றோர் முதலில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தனர். பத்தாம் ஆண்டில் அது நூற்றுக்கு 25 ஆக நின்றது. மேசனின் பட்டி முறையைப் பெற்றோரிடத்து நூற்றுக்கு 25 ஆக இருந்த இழப்பு, பத்தாம் ஆண்டில் 16 ஆகக் குறைந்தது.

இன்னொரு கணக்கையும் மறைத்தல் கூடாது. சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேருள் ஐவர் முதல் தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தனர். நூற்றுக்குக் கால் பங்கு என்று கணக்கிடுவோர்க்கு அது சிறு தொகை. அவ்வைவரின் வீட்டாருக்கு அது முழுத்தொகை. மேலும், இரைப்பை பைபாஸ் பெற்றோரிடையே மதுவினால் வரும் தொல்லைகள் மிகுந்தமையும் அதே ஆராய்ச்சியிற் புலப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் வெளியான தொடர் அறிக்கை, சத்திரசிகிச்சை பெற்றோர் பெறாதோரைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்றும், ஆயினும் பொது மக்களைக் காட்டிலும் அவர்களது ஆயுள் ஐந்தரை ஆண்டுகள் குறைவு என்றும் கூறியது. சத்திரசிகிச்சை நன்மை செய்தது. ஆனால் எல்லாவற்றையும் துடைத்தழித்துவிடவில்லை.

நீரிழிவைப் பற்றிய செய்தி எவரும் எதிர்பாராதது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த வோல்டர் போரிஸ் என்னும் சத்திரவைத்தியர், இரைப்பை பைபாஸ் பெற்ற 608 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து 1995 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். அவர்களுள் நீரிழிவு நோயாளராக இருந்த 146 பேரில் 121 பேருடைய குருதிச் சீனி இயல்பு நிலைக்கு வந்திருந்தது. உடல் மெலிவதற்கு முன்னரே, சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே பலருக்குச் சீனி இறங்கியது. உணவின் பாதை மாறும்போது குடலிற் சுரக்கும் ஓமோன்களும் மாறுகின்றன என்பதும், அவையே பசியையும் சீனியையும் ஆளுகின்றன என்பதும் படிப்படியாக விளங்கின. இரைப்பையைச் சுருக்கும் வெறும் தையல் வேலை என்று எண்ணப்பட்ட ஒன்று, உடலின் உள்ளாட்சியையே மாற்றும் சிகிச்சை எனக் கண்டறியப்பட்டது. எனினும், ஆண்டுகள் செல்ல ஒருசாராருக்கு நீரிழிவு மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு.

1993, 1994 ஆம் ஆண்டுகளில், வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துவாரங்களினூடாகக் கருவிகளைச் செலுத்தி இச்சத்திரசிகிச்சைகளைச் செய்யும் முறை பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் வழக்கிற்கு வந்தது. அதன்பின் ஆபத்துப் பெரிதும் குறைந்தது. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய் போல் ஆக்கும் முறையே இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுகின்றது. மிகவும் ஆபத்தான நிலையிலுள்ளோருக்கு முதற்படியாக மட்டும் செய்யப்பட்ட அது, தன்னளவிலே போதுமானதாகக் காணப்பட்டுத் தனிச்சிகிச்சையாக நிலைபெற்றது. சத்திரசிகிச்சை எளிதானதும் முடிவும் எளிதாகிவிட்டது போன்ற மயக்கம் தோன்றுவதுண்டு. வெட்டியகற்றிய இரைப்பையை மீண்டும் ஒட்டவைக்க எவராலும் இயலாது என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

இலங்கையிலும் இச்சத்திரசிகிச்சை இப்பொழுது செய்யப்படுகின்றமையால், நமது மக்களுக்கும் இது அயல்நாட்டுச் செய்தியன்று. ஐரோப்பியரைக் காட்டிலும் தென்னாசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுகின்றன. வயிற்றைச் சூழ்ந்து கொழுப்பு சேர்வது இதற்கு ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய மக்களைப் பொறுத்தவரை சுட்டெண் 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகின்றது என்றும், 27.5இல் அது உயர்ந்த நிலையை எட்டுகின்றது என்றும் சுட்டிக்காட்டியது. இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் 2022 ஆம் ஆண்டில் 1991 ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தின. இணைநோய் இல்லாவிடினும் 35 என்ற சுட்டெண்ணிலேயே சத்திரசிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 முதற்கொண்டே அதனை எடுத்துரைக்கலாம் என்றும் அவை கூறின. 1.60 மீற்றர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 70 கிலோகிராம் ஆகும். ஆகவே இவ்வினா இனி மிகப் பருத்த சிலருக்கு மட்டும் உரியதன்று.

இதற்கிடையே, குடல் ஓமோனைப் போன்று செயற்படும் ஊசிமருந்துகளும் வந்துள்ளன. செமாகுளூட்டைட் என்னும் மருந்துக்குப் பருமனைக் குறைப்பதற்கென 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. ஊசியை நிறுத்தியோருக்கு எடை பெரும்பாலும் திரும்புகின்றது. கத்தி வேண்டாம் என்போருக்கு மற்றொரு வழி திறந்திருக்கின்றதாயினும், அவ்வழியும் நெடிய வழியே.

முடிவெடுப்பவர் முன்னுள்ள காட்சி நம்மூர் வீட்டிலே எவ்வாறு அமையும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். சத்திரசிகிச்சையின் பின்னர் ஒரு வேளை உணவு ஒரு சிறு கிண்ணத்தில் அடங்கிவிடும். சோறு குவித்துக் கறி பரிமாறும் பந்தியிலே, 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்தும் அன்புக்கு அவர் மறுப்புக் கூறவேண்டி வரும். மீனும் முட்டையும் பருப்பும் முதலிடம் பெற, சோறு பின்னே செல்லும். விற்றமின், இரும்புச்சத்து, கல்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் குருதிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். தலைநகரிலிருந்து தொலைவில் வாழ்பவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு பயணமாகும். பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள்வரை அதனைத் தள்ளிவைக்க நேரும். இவை யாவும் சாஞ்சோ மன்னன் வாக்களித்த கோட்டைகளுக்கு ஒப்பான விலைகள். வாராதிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. கட்டுக்கடங்காத நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கவர்ந்து செல்லும்போது, ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு முடிவாகவே அமைந்துவிடுகின்றது.

ஆகையால், அச்சத்தினால் மறுப்பதும், வெட்கத்தினால் உடன்படுவதும் ஒரே தன்மையனவாகிய தவறுகள். திருமணப் பேச்சுக்காகவும் அயலார் ஏளனத்துக்காகவும் கத்தியை நாடுபவர், பிரபுக்களின் முறுமுறுப்புக்குத் தம் உடலை விலையாகக் கொடுக்கின்றார். நோயின் வேகத்தையும், பிற சிகிச்சைகளை முயன்று கண்ட பலனையும், தொடர்ந்து கவனிக்கும் வைத்தியசாலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும், வீட்டாரின் துணையையும் எண்ணிப் பார்த்து உடன்படுபவர் அறிந்து உடன்படுகின்றார். அவற்றையே எண்ணிப் பார்த்து வேண்டாம் என்பவரும் அறிந்தே மறுக்கின்றார். சுவீடனிலே முடிவு நோயாளர் கையில் விடப்பட்டது போல், இங்கும் அது அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். வைத்தியரிடம் அவர் கேட்கவேண்டிய முதல் வினா, 'எவ்வளவு மெலிவேன்?' என்பதன்று. 'பத்தாண்டின் பின் நான் எவ்வாறு இருப்பேன், அன்றும் என்னைக் கவனிக்க நீங்கள் இருப்பீர்களா?' என்பதே. அவ்வினாவுக்கு விடை தெரியாதிருந்த காலத்தில் முடிவெடுத்தவர்கள் கொடுத்த விலையினாலேயே, இன்று அதற்கு ஓரளவேனும் விடை கிடைத்திருக்கின்றது.